திரைக்குப் பின்னால் ஒரு பெண்குரல்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் பழைய சாலையில் அமைந்துள்ள சிறிய பட்டணம் மம்பாவ். ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. காலப்போக்கில் பல இடங்களில் பால்மரங்கள் இருந்த நிலத்தில் செம்பனை நடப்பட்டது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. தோட்டம் மாறினாலும், வீடு மாறினாலும், பிள்ளைகள் தொலைக்காட்சிமுன் அமர்ந்து அசைவூட்டத் தொடர் பார்க்கும் வழக்கம் மாறவில்லை. அத்தகைய தொடர்களுள் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் நெருக்கமானது 'உப்பின் இப்பின்'.

மஞ்சள் சட்டை அணிந்தவன் உப்பின். நீலச் சட்டை அணிந்தவன் இப்பின். உப்பினின் தலையில் ஒரே ஒரு முடிக்கற்றை உண்டு. இப்பினின் தலையில் அதுவும் இல்லை. ஐந்து வயது நிரம்பிய இந்த இரட்டைச் சிறுவர்களின் குறும்பைக் கண்டு சிரிக்காதவர் இலர். ஆனால், தொடக்க ஆண்டுகளில் இவ்விருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒரே ஒருவர் என்பதும், அவர் ஒரு சிறுமி என்பதும் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் நூர் ஃபாத்தியா டியாஸ்.

அசைவூட்டத் துறையில் பெண்களின் பங்கை விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி நல்ல தொடக்கமாகும்.

கம்போங் டுரியான் ருந்தோ

'உப்பின் இப்பின்' தொடரை உருவாக்கியது லே கோபாக் நிறுவனம். புர்ஹானுடின் முகமது ராட்சியும் அவருடைய மனைவி ஐனோன் அரிஃபும் 2005ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். கதையின் உள்ளடக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பை ஐனோன் ஏற்றார். 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் டிவி9 அலைவரிசையில் தொடரின் முதல் அங்கம் ஒளியேறியது. அது நோன்பு மாதம். நோன்பின் பொருளைச் சிறுவர்களுக்கு எளிமையாக உணர்த்துவதே அந்த முதல் அங்கங்களின் நோக்கமாக இருந்தது. மக்கள் அளித்த வரவேற்பால் தொடர் ஆண்டுதோறும் வளர்ந்தது. இந்தோனேசியாவிலும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் அதனை விரும்பிப் பார்த்தனர்.

கதை நிகழும் இடம் கம்போங் டுரியான் ருந்தோ என்னும் கற்பனைச் சிற்றூர். உப்பினும் இப்பினும் தாய் தந்தையை இழந்தவர்கள். அவர்களைப் பாட்டி ஓப்பாவும் அக்காள் ரோஸும் வளர்க்கின்றனர். பாட்டி பொறுமையே உருவானவர். எந்தச் சிக்கலுக்கும் கனிவான சொல்லால் தீர்வு காண்பவர். அக்காள் ரோஸ் கண்டிப்பானவள். அவளுடைய அதட்டலுக்குத் தம்பிமார் இருவரும் அஞ்சுவர். ஆயினும் அந்த அதட்டலுக்குப் பின்னால் இருக்கும் அன்பைப் பார்வையாளர் உணராமல் இருக்க முடியாது.

சிற்றூரில் பல இனத்தவர் வாழ்கின்றனர். மூக்குக்கண்ணாடி அணிந்த மெய் மெய், கவிதை சொல்லி நண்பர்களைச் சிரிக்க வைக்கும் ஜர்ஜிட் சிங், இந்தோனேசியாவிலிருந்து வந்த சுசாந்தி, மாடு வளர்க்கும் ராஜு, உணவுக்கடை நடத்தும் முத்து எனக் கதைமாந்தர்கள் நம் அண்டை வீட்டாரைப் போலவே இருக்கின்றனர். நோன்புப் பெருநாளும் தீபாவளியும் சீனப் பெருநாளும் அங்குக் கொண்டாடப்படுகின்றன.

இத்தொடரைப் பார்க்கப் பரிந்துரைப்பதற்கு இவை போதிய காரணங்களாகும். எனினும், மற்றொரு காரணமும் உண்டு. இது பெண்கள் நடத்தும் குடும்பத்தின் கதை. இரட்டையரின் வீட்டில் முடிவெடுப்பவர் பாட்டி. வீட்டை நிருவகிப்பவள் அக்காள். கதையின் நாயகர்கள் சிறுவர்களாக இருந்தாலும், அவர்களுடைய உலகத்தைத் தாங்கி நிற்பவர்கள் பெண்களே. தோட்டப்புறங்களில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் குடும்பம் அந்நியமானதன்று.

சிறுவனுக்குப் பெண்குரல் ஏன்?

2011ஆம் ஆண்டில் ஒளியேறிய 'போபோய்போய்' தொடரின் நாயகன் ஒரு சிறுவன். அவனுக்குக் குரல் கொடுத்தவரும் நூர் ஃபாத்தியா டியாஸ்தான். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'எஜென் அலி' தொடரின் நாயகன் அலிக்குக் குரல் கொடுத்தவர் ஈடா ரஹாயு யூசோப் என்னும் பெண்மணி. ஜப்பானிலும் இதே வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு நன்கு அறிமுகமான டோராமோன் என்னும் இயந்திரப் பூனைக்கு 1979ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை ஜப்பானிய மொழியில் குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா என்னும் பெண் கலைஞர்.

இதற்கு இயல்பான காரணம் உண்டு. பதின்ம வயதில் ஆண் பிள்ளைகளின் குரல் உடைந்து தடிக்கிறது. ஆனால், அசைவூட்டக் கதையில் வரும் சிறுவனுக்கு வயது ஏறுவதில்லை. பத்தாண்டுகள் கடந்தாலும் அவன் அதே சிறுவன்தான். ஆகவே, அவனுடைய குரலும் மாறாமல் இருக்க வேண்டும். பெண்களின் குரலில் பருவ மாற்றம் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. தேர்ந்த பெண் கலைஞர் ஒருவர் பல ஆண்டுகள் ஒரே சிறுவனாகப் பேச இயலும். சிரிப்பு, அழுகை, தும்மல், கொட்டாவி, ஓடும்போது வாங்கும் மூச்சு ஆகிய அனைத்தையும் முகம் காட்டாமல் குரலால் மட்டுமே உணர்த்துவது எளிய வேலையன்று. அது தனிக் கலை.

பேர் தெரியாத கைகள்

குரலுக்கு முன்பே, அசைவூட்டத் துறையில் பெண்களின் கைகள் உழைத்தன. கணினி வராத காலத்தில், ஒரு வினாடிக் காட்சிக்கு 24 படச் சட்டங்கள் தேவைப்பட்டன. அப்படியானால், ஒரு நிமிடத்திற்கு 1,440 சட்டங்கள். ஓவியர்கள் பென்சிலால் வரைந்தவற்றை ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் மையால் படியெடுத்து, அதன் பின்புறத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். கோடு சற்றே பிசகினாலும் திரையில் உருவம் நடுங்கும். அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனத்தில் 1930களில் இந்த நுண்ணிய வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தவர்கள் இளம் பெண்களே. 1937ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்னோ வைட்' படத்தின் சட்டங்கள் அவர்கள் கைபட்டு உருவானவை. ஆனால், கதையை உருவாக்கும் வேலையும் உருவங்களை அசைய வைக்கும் வேலையும் ஆண்களுக்கு உரியவை என்றே அந்நிறுவனம் அக்காலத்தில் கருதியது. மையிட்டு வண்ணம் தீட்டிய பெண்களின் பெயர்கள் திரையில் இடம்பெறவில்லை.

இந்நிலை மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை நினைவூட்டுகிறது. தமிழ்ப் பெண்கள் இருள் பிரியுமுன் எழுந்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, பால்மரம் வெட்டச் சென்றனர். 1920களின் இறுதியில், முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணின் நாள்கூலி 50 காசு, பெண்ணின் நாள்கூலி 40 காசு என வரையறுக்கப்பட்டிருந்தது. மண்டோர், கிராணி போன்ற பொறுப்புகளில் பெரும்பாலும் ஆண்களே இருந்தனர். வெகு தொலைவில் இருந்த இரண்டு வேலையிடங்கள். ஆனால், இரண்டிலும் ஒரே நிலை. பெண்ணின் உழைப்பு வேண்டியிருந்தது. அவளுடைய பெயரும் முடிவெடுக்கும் உரிமையும் மட்டும் குடத்திலிட்ட விளக்கு போல மறைந்திருந்தன.

குன்றின் மேலேறிய விளக்குகள்

எல்லாப் பெண்களும் மறைந்தே இருந்துவிடவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர், கறுப்புத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி உருவங்கள் செய்தார். அவற்றுக்குப் பின்னால் ஒளி பாய்ச்சி, சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்தார். நம் நாட்டின் வாயாங் கூலிட் நிழற்கூத்தையும் தமிழர்களின் தோற்பாவைக் கூத்தையும் ஒத்த முறை இது. இவ்வாறு அவர் உருவாக்கிய 'இளவரசர் அக்மத்தின் சாகசங்கள்' 1926ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் மிகப் பழைமையானது இதுவே. 'ஸ்னோ வைட்' வெளிவருவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் இச்சாதனையைப் படைத்துவிட்டார்.

டிஸ்னி நிறுவனத்தில் கதவைத் தட்டித் திறந்தவர்களுள் ஒருவர் ரெட்டா ஸ்காட். 1942ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாம்பி' படத்தில் வேட்டை நாய்கள் துரத்தும் காட்சி பார்ப்போரை நடுங்கச் செய்யும். அந்நாய்களை அசைய வைத்தவர் அவரே. அந்நிறுவனத்தின் படத்தில் அசைவூட்டக் கலைஞராகத் திரையில் பெயர் பெற்ற முதல் பெண் அவர்.

ஆயினும், இயக்குநர் நாற்காலியை அடையப் பெண்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெண்டா சாப்மன் தம் மகளோடு தமக்கிருந்த உறவைக் கருவாகக் கொண்டு 'பிரேவ்' என்னும் கதையை உருவாக்கினார். பணி நடுவிலேயே இயக்கும் பொறுப்பு வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும், படத்தின் இயக்குநர்களுள் ஒருவராக அவர் பெயர் நிலைத்தது. 2013ஆம் ஆண்டில், சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற முதல் பெண்மணி என்னும் சிறப்பு அவருக்குக் கிட்டியது. அதே ஆண்டின் இறுதியில் ஜெனிஃபர் லீ, மற்றோர் இயக்குநருடன் சேர்ந்து இயக்கிய 'ஃப்ரோஸன்' வெளிவந்து உலகெங்கும் பெரும் வெற்றி பெற்றது.

தமிழிலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோச்சடையான்' படத்தை இயக்கியவர் சௌந்தர்யா ரஜினிகாந்த். நடிகர்களின் உடலசைவைக் கருவிகளால் பதிவு செய்து, அதனைக் கணினி உருவத்திற்கு ஏற்றும் தொழில்நுட்பத்தில் அப்படம் உருவானது. அதன் காட்சிகளைப் பற்றிப் பலவிதமான கருத்துகள் எழுந்தன. ஆனால், தமிழ்த் திரையுலகிற்குப் புதிதான ஒரு துறையில் இறங்கி, பெரும் குழுவை வழிநடத்தியவர் ஒரு பெண் என்பதில் ஐயமில்லை.

சீனாவில் பிறந்து கனடாவில் வளர்ந்த டோமி ஷியின் கதை மாணவர்களுக்கு மேலும் ஊக்கமளிக்கும். தாய் சமையலறையில் பாவ் பிசைவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அந்த நினைவையே 'பாவ்' என்னும் குறும்படமாக்கினார். 2019ஆம் ஆண்டில் அது ஆஸ்கார் விருதை வென்றது. தம் வீட்டுச் சமையலறை உலகிற்குச் சொல்லத்தக்க கதை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

எழுதப்படாத கதைகள்

நம் நாட்டு அசைவூட்டத் துறையும் உலக அரங்கில் கால் பதித்துள்ளது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 'உப்பின் இப்பின்: கெரிஸ் சியாமாங் துங்கால்' திரைப்படம், அவ்வாண்டு ஆஸ்கார் விருதின் அசைவூட்டப் பிரிவில் பரிசீலனைக்கு அனுப்பப்பட்ட 32 படங்களுள் ஒன்றாகும். எனினும், நாட்டின் புகழ்பெற்ற மூன்று தொடர்களுக்கும் பெயர் தந்தவர்கள் சிறுவர்களே. மெய் மெய்யும் சுசாந்தியும் நாயகர்களின் தோழியராகவே வருகின்றனர். அச்சிறுவர்களின் குரலுக்குப் பின்னால் பெண்கள் இருந்தாலும், திரையின் நடுவில் நிற்கும் இடம் சிறுமியருக்கு இன்னும் போதிய அளவு கிட்டவில்லை. தோட்டத்தில் வளர்ந்த தமிழ்ச் சிறுமியை நாயகியாகக் கொண்ட கதையோ எழுதப்படுவதற்காகக் காத்திருக்கிறது.

அதனை எழுதத் தேவையான வழிகள் இன்று உள்ளன. சைபர்ஜெயாவில் அமைந்துள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்விக் கூடங்களில் அசைவூட்டக் கலையைப் பயிலலாம். ஓவியம் வரையத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இத்துறை உரியதன்று. கதை எழுதுவோர், காட்சிகளை வரிசைப்படுத்திக் கதைப்பலகை அமைப்போர், கணினி வல்லுநர், இசையமைப்போர், குரல் கொடுப்போர், செலவைத் திட்டமிடுவோர் எனப் பலர் சேர்ந்தே ஒரு தொடரை உருவாக்குகின்றனர். நாடக மேடையில் பேசுவதும், பாட்டி சொல்லும் கதையை எழுதி வைப்பதும், பழைய பயிற்றுப் புத்தகத்தின் ஓரங்களில் உருவங்களை வரைந்து தாள்களை விரைவாகப் புரட்டிப் பார்ப்பதும் இதற்கான பயிற்சிகளே.

ஓர் அசைவூட்டத் தொடர் முடிந்ததும் திரையில் பெயர்கள் வரிசையாக ஓடும். பெரும்பாலோர் அப்போது அலைவரிசையை மாற்றிவிடுவர். அந்த ஒரு நிமிடம் பொறுத்திருந்து பெயர்களைப் படித்தால், எந்தெந்தப் பணிகளில் பெண்கள் இருக்கின்றனர், எந்தெந்தப் பணிகளில் இல்லை என்பது புலப்படும். இல்லாத இடங்களே இன்றைய மாணவியருக்காகக் காத்திருக்கும் இடங்கள்.