ஊசி போடாமல் கு.க. ஆபரேஷனா? தாய்மார்களே, வாய்விட்டுக் கேளுங்கள்!

புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி என்று எந்த ஆஸ்பத்திரியில் கு.க. ஆபரேஷனுக்குப் படுத்தாலும், "வலிக்குமா டாக்டர்?" என்று கேட்கத் தாய்மார்களுக்குக் கூச்சம்.

2022 நவம்பரில் பீகார் மாநிலம் ககாரியாவில் 20க்கும் மேற்பட்ட பெண்களுக்கு மரத்துப் போகும் ஊசி போடாமலே ஆபரேஷன் நடந்ததாகப் பரபரப்புப் புகார் கிளம்பியது. துடித்தவர்களின் கை, காலை அமுக்கிப் பிடித்தார்களாம்! விசாரணைக்கு உத்தரவானது.

முறைப்படி தொப்புளுக்குக் கீழே லிக்னோகெய்ன் ஊசி போட்டு, தோல் மரத்துப் போகச் சில நிமிஷம் பொறுக்கணும். அப்புறம்தான் கத்தி. கருக்குழாயில் வளையம் மாட்டும்போது வரும் வலி வேறு. தோலில் போட்ட ஊசி அதுக்கு எட்டாது. குழாய் மேலும் அதே மருந்தைச் சொட்டு விட்டால் வலி குறையும். லேப்ராஸ்கோப் ஆபரேஷனில் வயிற்றில் ஏற்றும் வாயுவால் தோள்பட்டை ஓரிரு நாள் வலிக்கலாம், பயம் வேண்டாம்.

ஊசிக்குப் பிறகும் வலித்தால் பல்லைக் கடிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆண்களுக்கான ஆபரேஷன் இதைவிடச் சுலபம். கணவன்மார்தான் ஏனோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை!