வினைப்பெயர் குடிப்பெயரான கதை: ராவுத்தரை முன்வைத்து

கோரிப்பாளையத்தில் வருஷத்துக்கு ஒரு குதிரைதான் பார்க்கக் கிடைக்கும். சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் தங்கக் குதிரையில் வந்து வைகையில் இறங்குவார். சின்ன வயதில் மாடியில் நின்று பார்ப்போம். கூட்டத்துத் தலைகளுக்கு மேலே குதிரையின் காது மட்டும் தெரியும். மற்றபடி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குதிரையோடு சகவாசம் இருந்ததாகத் தகவல் இல்லை. என் அத்தாவைப் பெற்றவர் கைலி வியாபாரி. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷர். ஆனால் அவர் வாங்கிய வீட்டின் கிரயப் பத்திரத்தில் அவர் பெயருக்குப் பின்னால் 'குதிரைவீரன்' என்று எழுதியிருக்கிறது. இத்தனை பச்சையாக அல்ல, 'ராவுத்தர்' என்று.

அந்தப் பத்திரத்தை நான் தேடி எடுத்தது ஆராய்ச்சிக்காக அல்ல. மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் என் அத்தாவின் பள்ளிச் சான்றில் வெறும் 'முஸ்லிம்' என்றும், என்னுடையதில் 'லெப்பை' என்றும் இருந்ததால், "பூர்வீகத்துக்கு ஏதாச்சும் ஆதாரம் இருந்தா கொண்டாங்க பாய்" என்று அனுப்பிவிட்டார்கள். கொண்டுபோனேன். அதில் ராவுத்தர். "இப்ப மூணு பேரா ஆச்சு" என்றார் இருக்கையில் இருந்தவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று பெயர் எப்படி வந்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ராஜபுத்ர' என்ற வடசொல் பிராகிருதத்தில் தேய்ந்து 'ராஉத்த' ஆயிற்று. அங்கிருந்து மராத்திக்குப் போய் 'ராவுத்', இந்தியில் 'ராவத்', கன்னடத்தில் 'ராவுத', தெலுங்கில் 'ரௌது'. தெலுங்கில் இன்றைக்கும் ரௌது என்றால் குதிரையேறுகிறவன். ஆளைப் பொறுத்துத்தான் குதிரை என்பதற்கு அவர்களிடம் பழமொழியே உண்டு. தமிழில் 'இராவுத்தன்' என்றால் குதிரைவீரன். தமிழ் லெக்சிகனும் அந்தப் பொருளைத்தான் தருகிறது. ஆக ராஜ்புத், ராவத், ராவுத்தர் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மராட்டியத்தில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன அரசியல் பேசுகிறார்கள் என்பது பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். இங்கே அதே பெயரை வைத்திருப்பவரிடம் 'நீ எந்த ஊர்லேர்ந்து வந்தே?' என்று கேட்கிறார்கள். சொல்லுக்கு மதம் கிடையாது. அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் முருகனையே ராவுத்தன் என்று அழைத்திருக்கிறார். ஏறியது மயில்தான், ஆனாலும் ஏறியவன் ராவுத்தன்.

மதுரைக்காரர்களுக்குக் குதிரை வியாபாரம் புராணமாகத்தான் தெரியும். அரசன் கொடுத்த குதிரைப் பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் செலவழித்துவிட, சிவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரைக்காரனாக ஓட்டி வருகிறான். ஆவணி மூலத்தில் இன்றும் நடக்கிற லீலை. ராத்திரி குதிரைகள் மறுபடி நரிகளாகி, பழைய குதிரைகளையும் கடித்துப்போட்டு ஓடிவிடுகின்றன. பக்தியை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் படித்தால், கடல் தாண்டி வந்த சரக்கு லாயத்தில் நிற்காமல் போனதைப் பற்றிய ஒரு அரசாங்கத்தின் பயமும் அந்தக் கதைக்குள் இருப்பது தெரியும்.

அந்தப் பயத்துக்குக் கணக்கு இருக்கிறது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வருஷத்துக்கு 10,000 குதிரைகள் வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து பாண்டியக் கரைக்கும் அதை அடுத்த கரைகளுக்கும் வந்ததாக எழுதுகிறார். மொத்த விலை 22 லட்சம் தினார். பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறார்: கோயில் சொத்துகளின் வருமானம், கோயிலைச் சார்ந்த கணிகையர் மீது போட்ட வரி. (தேவதாசி முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வரியை எத்தனை பேர் கவனித்தார்களோ.) 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ வேறொன்றைக் கவனிக்கிறார். வாங்குகிற குதிரைகளில் பெரும்பாலானவை அந்த வருஷமே செத்துப்போகின்றன. வைத்தியம் தெரிந்தவர், லாடம் கட்டுகிறவர் இங்கே இல்லை. அவர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல்! தீவனமும் வேறு. வேகவைத்த அரிசியும் இறைச்சியும் போடுகிறார்கள் என்கிறார் போலோ, வறுத்த தானியமும் நெய்யும் என்கிறார் வஸ்ஸாஃப். எதுவானாலும் அரபுக் குதிரைக்கு ஆகாத சாப்பாடுதான்.

லாடம் கட்டுகிறவனைப் பற்றிப் பேசுவதால் இங்கிலாந்துப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாம். அங்கே 12ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் தொழில்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக இறுகின. ஸ்மித் கொல்லன், டெய்லர் தையற்காரன், ஃப்ளெட்சர் அம்பு செய்கிறவன், ஃபாரியர் லாடம் கட்டுகிறவன். ஸ்மித் இன்று அங்கே மிக அதிகமான பேர் வைத்திருக்கிற குடும்பப் பெயர். ஃபாரியர் தேடித்தான் பிடிக்க வேண்டும். இவற்றில் எனக்கு வேண்டியது 'மார்ஷல்'. பழைய ஜெர்மானிய மொழியில் 'குதிரை', 'ஊழியன்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர். குதிரைக் கொட்டிலில் சாணி அள்ளுகிறவன். பிறகு லாயத்தின் பொறுப்பாளன். பிறகு அரசனின் படையையே ஒழுங்குபடுத்துகிறவன். 1219இல் இறந்த வில்லியம் மார்ஷல் குழந்தை அரசனுக்காக இங்கிலாந்தையே ஆண்டுகொண்டிருந்தார். இன்று ஃபீல்ட் மார்ஷலுக்கு மேலே பதவி இல்லை. கொட்டிலில் பிறந்த சொல் உச்சிக்கு ஏறிவிட்டது. நம்முடையது தலைகீழ். ராஜாவின் மகனாகப் பிறந்த சொல் குதிரைவீரனாகி, குதிரை வியாபாரியாகி, கடைசியில் கைலிக் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

(இன்னொன்று. மொகஞ்சதாரோவையும் ஹரப்பாவையும் 1924இல் உலகத்துக்கு அறிவித்து, அங்கே குதிரை இல்லை என்பதை வேதக்காரர்களின் நாகரிகம் அல்ல அது என்பதற்கு ஒரு காரணமாகக் காட்டியவர் பெயர் ஜான் மார்ஷல். அவர் பெயருக்குள் இருந்த குதிரையைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ.)

மார்ஷல் என்ற பெயருள்ளவர் இன்று லண்டனில் பஸ் ஓட்டலாம், டாக்டராகலாம். பெயர் தொழிலைவிட்டுக் கழன்றுவிட்டது. நம் சிறுபத்திரிகை மொழியில் சொன்னால், குறிப்பான் மட்டும் மிஞ்சிக் குறிப்பீடு உதிர்ந்துவிட்டது. ஸ்மித் பெண் டெய்லர் பையனைக் கட்டிக்கொள்ள யாரும் பஞ்சாயத்துக் கூட்டவில்லை என்பதால் அது நடந்தது. இங்கே ஏன் நடக்கவில்லை?

தொல்காப்பியர் பெயர்ச்சொற்களை வகைப்படுத்தும்போது குடிப்பெயரையும் வினைப்பெயரையும் தனித்தனியாக எண்ணுகிறார். செய்வதால் வருவது ஒன்று, பிறப்பதால் வருவது இன்னொன்று. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார், மதுரைக் கொல்லன் வெண்ணாகனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். துணி விற்றவர், தானியம் விற்றவர், இரும்படித்தவர். தொழில் பெயருக்கு முன்னால் நிற்கிறது. முன்னால் நின்றவரை அது ஆளை அடையாளம் காட்டியது. பின்னால் போய் ஒட்டிக்கொண்ட பிறகு அது பிறப்பைக் காட்ட ஆரம்பித்தது. வினைப்பெயர் குடிப்பெயரானது இந்த இடமாற்றத்தில்தான் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வரலாம். ஆனால் முன்னால் நிற்கிற பழைய வழக்கம் செத்துவிடவில்லை. மதுரைச் சுவரொட்டிகளைப் பாருங்கள். டெய்லர் காதர், பெயிண்டர் முருகன், பஞ்சர்கடை பாண்டி. காதர் தையலை விட்டு மளிகை வைத்தால் ஆறு மாசத்தில் மளிகைக்கடை காதராகிவிடுவார். அவர் மகனுக்கு டெய்லர் என்று பெயர் ஒட்டாது.

பின்னொட்டை வெட்டியெறிய வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தலைமை வகித்த சௌந்தரபாண்டியனார் தன் பெயரிலிருந்து நாடார் பட்டத்தை எடுத்தார். தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல், தகப்பன் பெயரின் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியதில் அந்த அலைக்குப் பெரிய பங்கு உண்டு. என் அத்தாவும் அந்த அலையில் வளர்ந்தவர்தான். அதோடு, 'இஸ்லாத்துல ஏது ராவுத்தரும் மரைக்காயரும்' என்று பள்ளிவாசலில் கேட்டதும் சேர்ந்துகொண்டது. பெயரைக் கத்தரித்துவிட்டார். அதனால்தான் அவர் சான்றில் வெறும் முஸ்லிம்.

பெயர் போய்விட்டதா என்றால் இல்லை. கேரளத்தில் ராவுத்தர் இன்றும் முறையான குடும்பப் பெயர். தமிழ்நாட்டில் பள்ளிப் பதிவேட்டை விட்டு இறங்கிக் கல்யாணப் பத்திரிகையிலும் கபர்ஸ்தான் கல்லிலும் கடைப் பலகையிலும் குடியிருக்கிறது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் கல்லூரி இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியை 1951இல் தொடங்கியவர்களில் ஒருவர் காஜாமியான் ராவுத்தர். நடிகர் விஜயகாந்தின் நண்பர், தயாரிப்பாளர் இப்ராகிம் ராவுத்தரை (2015இல் இறந்தார்) மதுரையில் யாரும் இப்ராகிம் என்று சொல்லிக் கேட்டதில்லை, ராவுத்தர்தான். செஞ்சிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரன் காவல் தெய்வமாக நிற்கிறான். ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இல் வெளியிட்ட நூலில் இவனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சாராயம், கஞ்சாவோடு அவனுக்குக் கொள்ளும் படைக்கிறார்கள். கொள்ளு குதிரைக்கு. எனக்குத் தெரிந்து ராவுத்தர் என்ற சொல்லில் குதிரைக்கு இன்னும் தீனி கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். நாங்கள் நாயக்கர் படையில் குதிரை ஓட்டியவர்கள் என்பார்கள். சிலர் ஓட்டியிருக்கலாம். ஆனால் பெயருள்ள அத்தனை பேருக்கும் குதிரை கொடுக்க எந்த ராஜாவின் லாயமும் போதாது. நெய்தவர்கள், தோல் வியாபாரம் செய்தவர்கள், கொடிக்கால் வைத்தவர்கள் எல்லோரும் ராவுத்தர்கள். வீரப் பட்டத்தைப் போட்டுக்கொண்டால் நாலு பேர் மதிப்பார்கள் என்ற கணக்கு எல்லாச் சாதியாரையும் போல எங்கள் ஆட்களுக்கும் இருந்திருக்கிறது. சூசன் பெய்லி போன்றவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுதான்.

இதன் மறுபக்கத்தை யாரும் கல்லூரிப் பலகையில் எழுதுவதில்லை. தமிழ் முஸ்லிம்களிடையே முடிவெட்டி, சுன்னத் செய்கிறவரை ஒசா, ஒஸ்தா என்பார்கள். 'உஸ்தாத்' என்பதன் திரிபு என்கிறார்கள். உஸ்தாத் என்றால் ஆசான். அந்தச் சொல்லே குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய ஒன்றாகிவிட்டது. ராவுத்தர் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். தொழுகையில் தோளோடு தோள் நிற்பார்கள், அதுவும் உண்மை. சம்பந்தம் என்று வரும்போது குதிரை குறுக்கே நிற்கும். கீரனூர் ஜாகிர்ராஜாவின் 'மீன்காரத் தெரு' வெளிவந்த பிறகாவது தெருவுக்குத் தெரு இருக்கிற இந்த வித்தியாசத்தைப் பேசுவோம் என்று நினைத்தேன். நாவலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

எங்கள் பகுதியில் ஒரு வயசாளி சலூன் வைத்திருந்தார். பத்திரத்தைத் தேடிய அந்த நாட்களில் அவரிடம் முடிவெட்டிக்கொண்டே கேட்டேன், உங்க அத்தா பத்திரத்துல பேருக்குப் பின்னாடி என்ன போட்டிருக்கும் என்று. கத்திரியை நிறுத்தாமல் சொன்னார்: "பத்திரம் இருந்தாத்தானே தம்பி பேரு இருக்கும்."

அரசாங்கப் பட்டியல் இன்னொரு விசித்திரம். தமிழ்நாட்டில் 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அதற்குரிய ஏழு பிரிவுகளில் ஒன்று 'ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை', பேசும் மொழி தமிழானாலும் உருதானாலும். மரைக்காயர் மரக்கலத்தோடு சம்பந்தப்பட்ட பெயர் என்பது பொதுவான விளக்கம், அரபு 'மர்கப்' என்பாரும் உண்டு. அதற்கும் பொருள் கப்பல்தான். லெப்பை குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவர். ஆக குதிரை, கப்பல், ஓதல் மூன்றும் ஒரே வரியில். அடுத்தாற்போல் அன்சார், வடக்கே நெசவாளிகளின் பெயர். தூதேகுலா, தெலுங்கில் பஞ்சு கொட்டுகிறவர். அந்த ஏழில் இந்த மூன்றும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ செய்த வேலை. இப்போது அது ஒருவர் எதைப் படிக்க முடியும், எந்த வேலைக்குப் போக முடியும் என்பதைத் தீர்மானிக்கிற வரி. அதனாலேயே அதைக் கிழித்துப்போடு என்று என்னால் சொல்ல முடியாது. பெயரைக் கத்தரித்த என் அத்தாவுக்கு அது ஒரு விடுதலை. அந்தக் கத்தரிப்பு என் மகள் விண்ணப்பத்தில் ஓட்டையாக வந்து நின்றது. பெயர் வேண்டாம் என்கிற அரசியலும் பட்டியல் வேண்டும் என்கிற அரசியலும் ஒரே வீட்டில் ஒரே பீரோவில் கிடக்கின்றன.

மூன்றாவது நடையில் சான்றிதழ் கிடைத்தது. மகள் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, முன்னால் என் பெயரின் முதலெழுத்து. சாதிக் கட்டத்தில் லெப்பை என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ராவுத்தரையும் மரைக்காயரையும் சேர்த்திருந்தார்கள். கட்டம் சின்னது. ராவுத்தரின் கடைசி எழுத்து கோட்டின் மேல் ஏறியிருந்தது. பத்திரத்தை மறுபடி மடித்து, அத்தாவின் பள்ளிச் சான்றோடு ஒரே உறையில் வைத்தேன்.