வக்கீல் மகள் ஏன் கோர்ட்டுக்குப் போவதில்லை? பன்னாட்டுச் சட்ட நிறுவன வேலை பற்றிக் கொஞ்சம்

என் அண்ணன் மகள் சட்டம் படித்து முடித்தபோது, சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அது சொந்த வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது. விபத்து இழப்பீடு, இபிஎஃப் பணம், விவாகரத்து என்று ஆளுக்கொரு கோப்போடு வர ஆரம்பித்தார்கள். அவளுக்கோ எதற்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. “என்ன வக்கீலு இவ?” என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். அண்ணிக்கு அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை.

இப்போது அவள் சிங்கப்பூரில் ஒரு பெரிய பன்னாட்டுச் சட்ட நிறுவனத்தில் அசோசியேட். அங்கு சேர்ந்த பிறகு ஒரு நாள்கூட நீதிமன்றப் படி ஏறியதில்லை. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இந்த வேலையைக் கனவு காண்பதால், அது என்ன வேலை என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்கள் இருப்பார்கள். பல நாடுகளில் அலுவலகம் உண்டு. 1949-இல் சிகாகோவில் தொடங்கிய பேக்கர் மெக்கன்சி, லண்டனின் கிளிஃபர்ட் சான்ஸ், லிங்க்லேட்டர்ஸ் போன்றவை இந்த வகை. கட்சிக்காரர்கள் வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள், சில சமயம் அரசாங்கங்கள். நிறுவனத்தின் சொந்தக்காரர்கள் பார்ட்னர்கள். அவர்களுக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை செய்யும் வழக்கறிஞர்தான் அசோசியேட்.

நாம் வீடு வாங்கும்போது வக்கீல் கிராண்டை எடுத்துப் பார்ப்பார். நிலம் யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் நிலுவை உண்டா என்று சரிபார்ப்பார். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போதும் அதே வேலைதான். ஆனால் பார்க்க வேண்டியது ஒரு கிராண்ட் இல்லை. நூற்றுக்கணக்கான குத்தகைகள், கடன் பத்திரங்கள், ஊழியர் ஒப்பந்தங்கள். “உரிமையாளர் மாறினால் இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்” என்ற ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் வாங்கியவருக்குக் கோடிக்கணக்கில் நட்டம். புதிதாகச் சேர்ந்த அசோசியேட்டின் முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் இப்படிப் படிப்பதிலும், பட்டியல் போடுவதிலும், கையெழுத்துப் பக்கங்களைச் சேர்ப்பதிலுமே போய்விடும்.

தோட்டம் கைமாறும்போதும் இதே வேலை நடக்கிறது. நமக்கு அது லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம். வக்கீல்களின் கோப்பில் அது ‘தொழிலாளர் குடியிருப்பு தொடர்பான கோரிக்கைகள்’ என்ற ஒரு வரி. கோலாலம்பூரில் வேலை பார்த்த முதல் ஆண்டிலேயே அப்படி ஒரு வரியைப் படித்ததாக அவள் ஒரு முறை சொன்னாள். எந்தத் தோட்டம் என்று நான் கேட்டேன். சொல்லவில்லை.

சொல்லவும் கூடாது. கட்சிக்காரரின் ரகசியம் வீட்டுக்குள்ளும் ரகசியம்தான். “எந்தக் கம்பெனி பங்கை வாங்கலாம்?” என்று உறவினர்கள் விளையாட்டாகக் கேட்பதுண்டு. வெளியே தெரியாத தகவலை வைத்துப் பங்கு வாங்குவது மலேசியாவில் 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சொன்னவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து. தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அசோசியேட் தன் நாளை ஆறு ஆறு நிமிடத் துண்டுகளாக எழுதி வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பத்துத் துண்டு. எந்தக் கட்சிக்காரருக்கு, என்ன வேலை என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. அந்த நேரத்தைத்தான் நிறுவனம் விற்கிறது. சாப்பாடு, பயிற்சி வகுப்பு, அலுவலகக் கூட்டம் எதுவும் கணக்கில் வராது. அமெரிக்க நிறுவனங்களில் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் என்பது சாதாரணமான இலக்கு. விடுமுறைகளைக் கழித்தால், வேலை நாள் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரத்தைக் ‘விற்றாக’ வேண்டும். அதற்குப் பன்னிரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். என் அப்பா பாலை நிறுத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டால் அவருடைய நாள் முடிந்தது. கிராணி செக்ரோலில் எழுதுவதோடு சரி. பேத்தியின் நாளுக்கு அப்படி ஒரு ஸ்டோர் இல்லை.

இரவு வேலை ஏன் என்றும் கேட்கிறார்கள். லண்டனில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி அல்லது இரண்டு மணி. நியூயார்க் நமக்கு நேர் எதிர். நாம் தூங்கும் நேரம் அவர்களுக்கு அலுவலக நேரம். ஜகார்த்தாவில் கட்சிக்காரர், லண்டனில் வங்கி என்றால் நடுவில் சிங்கப்பூரில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் பகல்தான்.

சம்பளம் நல்ல சம்பளம், மறுக்கவில்லை. லண்டனின் முன்னணி நிறுவனங்கள் சில, புதிதாகத் தகுதி பெற்ற வழக்கறிஞருக்கு 2024-இல் ஆண்டுக்கு 150,000 பவுண்டு என்று உயர்த்தின. நியூயார்க்கில் முதலாண்டுச் சம்பளம் 2023 கடைசியில் 225,000 டாலர் ஆனது. கோலாலம்பூரில் அந்தத் தொகையை எதிர்பார்க்க வேண்டாம். ஓவர்டைம் என்ற பேச்சும் இல்லை: நம் வேலைச் சட்டத்தின் ஓவர்டைம் விதி, மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்குப் பொருந்தாது.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டு அரசு பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் இருந்தால் சிஎல்பி தேர்வு வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கிருந்தே படித்தவர்கள் சிஎல்பி எழுத வேண்டும். பிறகு ஒன்பது மாதச் சேம்பரிங். சிங்கப்பூர் 2008-இலேயே ஆறு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உள்நாட்டுச் சட்டப் பணிக்கும் உரிமம் கொடுத்தது. மலேசியா 2014-இல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. அதனால் நம் பிள்ளைகள் பலருக்கு வாய்ப்பு ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் பெரிய கடன் ஒப்பந்தங்கள் பல இங்கிலாந்துச் சட்டப்படி எழுதப்படுவதால், எஸ்கியூஇ என்ற இங்கிலாந்துத் தேர்வு எழுதுவோரும் உண்டு. ஏற்கெனவே தகுதி பெற்ற வழக்கறிஞருக்கு அதில் இரண்டாண்டுப் பயிற்சி கட்டாயமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பது, ஆங்கிலத்தில் பிசிறில்லாமல் எழுதத் தெரிகிறதா என்பதை. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் அங்கேதான். படிவம் நான்கிலிருந்தே எழுதிப் பழக வேண்டும்.

சேருபவர்களில் மிகச் சிலர்தான் பார்ட்னர் ஆகிறார்கள். மற்றவர்கள் சில ஆண்டுகளில் வேறு இடம் பார்க்கிறார்கள். அதைத் தோல்வி என்று ஊரில் பேசுவதுதான் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது. அவள் தாத்தாவின் கருமக்கிரியை அன்று, பின்கட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். சடங்குக்கு மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. “லீவு எடுத்திருக்கேன் சித்தப்பா, ஆனா கையெழுத்து இன்னிக்கு” என்றாள். கண்ணில் தூக்கமே இல்லை. அன்று அவளை அதட்டியவர்களில் நானும் ஒருவன்.

பிடிபிடிஎன் கடனைக் கட்டி முடித்துவிட்டாள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல அந்தப் பணம்தான் தைரியம் என்கிறாள். இப்போது ஒரு கம்பெனியின் சொந்தச் சட்டப் பிரிவில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். சம்பளம் குறையும், இரவு வீட்டில் இருக்கலாம். விஷயத்தைச் சொன்னதும் அண்ணி கேட்டது ஒன்றுதான்: “அப்ப இனிமே கோர்ட்டுக்குப் போவியா?”

அங்கேயும் போக மாட்டாள்.