இல்லத் திரையரங்கு ரிசீவர்: உரிமையாளர் கூறும் குறைகளும் அவற்றின் காரணங்களும்

திரையரங்கில் கேட்கும் ஒலியை இல்லத்திலேயே கேட்க விரும்புவோர் நாடும் சாதனங்களுள் முதன்மையானது ரிசீவர் என வழங்கும் பெட்டியாகும். தொலைக்காட்சி, ஒளிவட்டு இயக்கி, இணையம் முதலியவற்றிலிருந்து வரும் மின்சைகைகளை ஏற்று, அவற்றைப் பல தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்தையும் அதற்குரிய ஒலிபெருக்கிக்கு வேண்டிய ஆற்றலுடன் அனுப்புவதே இதன் பணி. பல பள்ளிகளின் காட்சிக் கூடங்களிலும் பயிற்சி நிலையங்களிலும் இத்தகைய பெட்டிகளைக் காணலாம்.

இதன் விலை சாதாரணக் குடும்பத்தின் ஒரு மாத வருவாயை எளிதில் விழுங்கிவிடும். ஆயினும் வாங்கியோருள் பலர், "பெட்டி தானே அணைந்துவிடுகின்றது", "உரையாடல் கேட்பதில்லை", "படம் வருகின்றது, ஒலி வரவில்லை", "ஓயாத இரைச்சல்" என முறையிடுகின்றனர். இவற்றுள் பெரும்பாலானவை பெட்டியின் உற்பத்திக் குறைகள் அல்ல. பெட்டியை வைத்த இடம், இணைத்த முறை, அமைந்த அறை ஆகியவற்றின் விளைவுகளே. காரணம் அறியாதவர் நல்ல பெட்டியை விற்றுவிட்டு மற்றொன்றை வாங்கி, அதே குறையை மீண்டும் சந்திக்கின்றார். எனவே இக்குறைகளின் அறிவியல் காரணங்களைத் தெளிவாக அறிந்துகொள்வது பணத்தையும் சாதனத்தையும் ஒருங்கே காப்பதாகும்.

பெட்டியின் உள்ளமைப்பு

ரிசீவரின் உள்ளே நான்கு பகுதிகள் உள்ளன. முதலாவது, 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் தேவையான நேர்மின்னோட்டமாக மாற்றும் மின்வழங்கி. இரண்டாவது, வரும் சைகைகளுள் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் பகுதி. மூன்றாவது, எண்வடிவில் சுருக்கப்பட்ட ஒலியை விரித்துத் தடங்களாகப் பிரிக்கும் கணிப்பு மின்சுற்று. நான்காவது, ஒவ்வொரு தடத்திற்கும் தனித்தனியே அமைந்த மின்பெருக்கிகள்.

1982ஆம் ஆண்டில் டால்பி நிறுவனம் இல்லங்களுக்கென வெளியிட்ட முறையில், இரு தடங்களுக்குள் மறைத்து வைத்த சூழொலி பிரித்தெடுக்கப்பட்டது. 1990களில் எண்முறை ஒலி இல்லங்களை எட்டியது. முன்புறம் மூன்று, பக்கங்களில் இரண்டு என ஐந்து தடங்களும், தாழ்ந்த சுருதிக்கென ஒரு தனித் தடமும் கொண்ட அமைப்பே "5.1" எனக் குறிக்கப்படுகின்றது. 2014ஆம் ஆண்டு முதல் தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் அட்மாஸ் முறை இல்லப் பெட்டிகளிலும் இடம்பெற்றது. தடங்கள் பெருகப் பெருக ஒரே பெட்டிக்குள் மின்பெருக்கிகளின் எண்ணிக்கையும், அவை வெளியிடும் வெப்பமும் பெருகின.

வெப்பமே முதற் பகை

பெரும்பாலான ரிசீவர்களில் உள்ள மின்பெருக்கிகள் ஏபி வகையைச் சேர்ந்தவை. இவை பெறும் மின்னாற்றல் முழுவதும் ஒலிபெருக்கிக்குச் செல்வதில்லை. மிதமான ஒலியளவில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகின்றது. எடுத்துக்காட்டாக, ஒரு பெட்டி 100 வாட் பெற்று, ஒலிபெருக்கிகளுக்கு 10 வாட் மட்டும் அளிக்குமாயின், எஞ்சிய 90 வாட்டும் பெட்டிக்குள் வெப்பமாகின்றது. ஒரு பழைய குண்டு விளக்கைப் பெட்டிக்குள் ஏற்றி வைத்ததற்கு இது ஒப்பாகும்.

இவ்வெப்பம் மேல்மூடியிலுள்ள துளைகளின் வழியே எழுந்து வெளியேற வேண்டும். ஆனால் வானொலிப் பெட்டிக்குப் பூவேலைத் துணி போர்த்திய பழக்கம் நம் இல்லங்களில் இன்னும் மறையவில்லை. ரிசீவரைக் கண்ணாடிக் கதவிட்ட அலமாரியில் வைப்பதும், அதன் மேல் ஒளிவட்டு இயக்கியை அடுக்குவதும் பரவலாகக் காணப்படுகின்றன. கோடையில் நாட்டின் பல பகுதிகளில் பகல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடக்கின்றது. பெட்டி வெப்ப எல்லையைத் தாண்டியவுடன் காப்புச் சுற்று அதனை அணைத்துவிடுகின்றது. உரிமையாளர் பழுதென்று கருதுவது உண்மையில் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் செயலேயாகும்.

அணையாத பெட்டிக்கும் தீங்கு உண்டு. மின்வழங்கியிலுள்ள மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது. 20 டிகிரி மிகுந்தால் ஆயுள் கால் பங்காகும். எனவே பெட்டியின் மேற்புறத்தில் ஒரு சாணுக்குக் குறையாமலும், பக்கங்களில் நான்கு விரற்கடையேனும் இடைவெளி விட்டு வைத்தல் வேண்டும். தூசியை மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் நீக்க வேண்டும். பெட்டியின் வெதுவெதுப்பை நாடி எறும்பும் பல்லியும் துளைகளின் வழியே நுழைந்து மின்குறுக்குச் சுற்று உண்டாக்குவதும் உண்டு. ஆகையால் உணவுப் பண்டம் சிந்தும் இடத்திற்கு அருகில் வைத்தல் ஆகாது.

உற்பத்திக் குறையே காரணமாக அமைந்த நிகழ்ச்சிகளும் இல்லாமல் இல்லை. 2009 முதல் சில ஆண்டுகள் விற்பனையான ஒரு நிறுவனத்தின் ரிசீவர்கள் பலவற்றில், ஒரு மின்சில்லின் குறையால் ஒலியோ இணையத் தொடர்போ அற்றுப்போயிற்று. அந்நிறுவனம் உத்தரவாதக் காலத்தை நீட்டி, இலவசமாகப் பழுது நீக்க முன்வந்தது. வாங்கிய ரசீதையும் தொடர் எண்ணையும் பாதுகாத்து வைத்தவர்களே இத்தகைய சலுகைகளை எளிதில் பெறுகின்றனர்.

வாட் கணக்கு

விளம்பரத்தில் "1000 வாட்" என்று கண்டவுடன் மயங்குவோர் பலர். ஒரு தடத்தை மட்டும் இயக்கி, ஒரே சுருதியில், மிகுந்த சிதைவை அனுமதித்து அளந்த அளவைத் தடங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் எத்துணை பெரிய எண்ணையும் அச்சிடலாம். இத்தகைய மிகைக் கூற்றுகளைக் கட்டுப்படுத்த அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1974ஆம் ஆண்டிலேயே விதி வகுக்கப்பட்டது. எத்தனை ஓம், எந்த அதிர்வெண் எல்லை, எவ்வளவு சிதைவு, எத்தனை தடங்கள் ஒருங்கே இயங்கின என்ற நான்கும் கூறப்படாத வாட் எண்ணுக்குப் பொருள் இல்லை.

செவியின் இயல்பையும் கருத வேண்டும். ஆற்றல் இரு மடங்கானால் ஒலிமட்டம் 3 டெசிபலே உயரும். ஒலி இரு மடங்காகக் கேட்பதாகத் தோன்றுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் தேவை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தரும் ஒலிபெருக்கி, 10 வாட்டில் 98 டெசிபலும், 100 வாட்டில் 108 டெசிபலும் தரும். 80 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபலே. செவி அதனைப் பெரும்பாலும் உணராது. அந்த ஒரு டெசிபலுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, நல்ல ஒலிபெருக்கிகளுக்குச் செலவிடுவது பயன் தரும்.

ஓமும் கம்பியும்

ஒலிபெருக்கியின் பின்புறம் 4, 6, 8 ஓம் என்று குறிக்கப்பட்டிருக்கும். 20 வோல்ட் அழுத்தத்தில் 8 ஓம் ஒலிபெருக்கி 2.5 ஆம்பியர் மின்னோட்டத்தையும், 4 ஓம் ஒலிபெருக்கி 5 ஆம்பியரையும் இழுக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் மின்பெருக்கியின் சுமையும் வெப்பமும் மிகுகின்றன. மற்றோர் அறைக்கும் ஒலி வேண்டுமென்று இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளை ஒரே முனையில் இணையாகப் பூட்டினால் மொத்தத் தடை 4 ஓம் ஆகிவிடும். கையேட்டில் குறித்த குறைந்த அளவிற்குக் கீழே செல்லலாகாது.

கம்பியின் தடிமனும் முக்கியம். பத்து மீட்டர் தொலைவிலுள்ள ஒலிபெருக்கிக்குப் போகவும் வரவும் 20 மீட்டர் செம்புக் கம்பி வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் அதன் தடை சுமார் 0.34 ஓம், 4 ஓம் ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஆற்றலில் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பங்கு கம்பியிலேயே வீணாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு நூற்றுக்கு 3 பங்கு அளவே. கம்பியின் பிரிந்த இழைகள் அடுத்த முனையைத் தொடாதவாறு முறுக்கிப் பூட்ட வேண்டும். ஒரே ஓர் இழை தொட்டாலும் காப்புச் சுற்று பெட்டியை அணைத்துவிடும்.

சிவப்பு, கறுப்பு முனைகளை மாற்றிப் பூட்டுவதும் அடிக்கடி நேரும் தவறு. அப்போது ஒரு ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே செல்லும். தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

படம் உண்டு, ஒலி இல்லை

2002ஆம் ஆண்டு இறுதியில் வெளியான எச்.டி.எம்.ஐ. இணைப்பு, படத்தையும் ஒலியையும் ஒரே வடத்தில் கொண்டு செல்கின்றது. வடத்தைப் பூட்டியவுடன் சாதனங்கள் ஒன்றையொன்று வினவி, "எந்த வகைப் படமும் ஒலியும் ஏற்பாய்?" என்று அறிந்துகொள்கின்றன; திரைப்படக் காப்புரிமைக்கான மறைகுறிச் சோதனையும் நடைபெறுகின்றது. இவ்வுரையாடல் தடைப்பட்டால் கருந்திரையோ ஒலியின்மையோ தோன்றும். எல்லாச் சாதனங்களையும் மின்சாரத்திலிருந்து நீக்கிச் சில நிமிடங்கள் கழித்து, தொலைக்காட்சி, ரிசீவர், இயக்கி என்ற வரிசையில் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது, அதற்கென "ஏ.ஆர்.சி." எனக் குறியிட்ட துளையிலேயே வடத்தைப் பூட்ட வேண்டும்.

பதிப்பு எண்ணை மட்டும் நம்பி வாங்குவதும் தகாது. 2020ஆம் ஆண்டில் 2.1 பதிப்பு எனக் குறிக்கப்பட்ட சில ரிசீவர்கள், அவ்வாண்டு வெளியான புதிய விளையாட்டுச் சாதனத்தின் உயர்தரப் படச் சைகையை ஏற்காமல் கருந்திரை காட்டின. ஒரு மின்சில்லின் குறையே காரணம் எனத் தெரியவந்தபின், சில நிறுவனங்கள் துணைக் கருவியை வழங்கின. வேறொன்று உட்பலகையை மாற்றித் தந்தது. புதிய பதிப்பு வெளிவந்தவுடன் வாங்காது, பிறர் அனுபவம் வெளிப்படும் வரை பொறுத்திருப்பது நலம் என்பதே இதன் பாடம்.

அறையும் ஒலியும்

"வெடிச் சத்தம் வீட்டை அதிர்விக்கின்றது, பேச்சு கேட்பதில்லை" என்பது பொதுவான முறையீடு. திரைப்படத்தில் உரையாடல் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியிலிருந்தே வருகின்றது. அதனைத் தொலைக்காட்சி மேசையின் உட்தட்டில் தள்ளி வைத்தால் ஒலி தட்டில் மோதிக் குழம்பும். தட்டின் விளிம்பிற்கு முன்கொணர்ந்து, கேட்போர் செவியை நோக்கிச் சாய்த்து, அத்தடத்தின் அளவை 2 அல்லது 3 டெசிபல் உயர்த்தினால் பேச்சு தெளிவுறும்.

நம் வீடுகளில் சிமெந்துச் சுவரும் ஓடு பதித்த தரையும் மிகுதி. இவை ஒலியை உறிஞ்சாது திருப்புவதால் எதிர்முழக்கம் உண்டாகின்றது. தரையில் ஜமக்காளம், சாளரத்தில் கனத்த திரை, சுவரோரம் புத்தக அலமாரி ஆகியவை சிறிது செலவில் பெரும் பயன் தருவன.

தாழ்ந்த சுருதிக்கு வேறு இயல்பு. ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நிலையலை எழும். அவ்வலையின் அழுத்தம் சுவரோரங்களில் மிகுந்தும் அறையின் நடுவில் மிகக் குறைந்தும் இருக்கும். நடுவில் அமர்ந்தவர் பெட்டியைக் குறை கூறுவார். இருக்கையை ஒரு முழம் நகர்த்தினால் குறை நீங்கக்கூடும். பெட்டியுடன் வரும் ஒலிவாங்கியைக் கொண்டு அளவிடும்போது மின்விசிறியை நிறுத்தி, சாளரங்களை மூட வேண்டும். இல்லையேல் விசிறியின் ஓசையையும் தெருவின் ஓசையையும் சேர்த்தே பெட்டி கணக்கிடும்.

இரைச்சலும் மின்னலும்

தொடர்ச்சியான "ம்ம்" என்ற இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் விளைவாகும். இரு சாதனங்கள் வெவ்வேறு வழிகளில் நிலத்துடன் தொடர்புற்றால் அவற்றிடையே சிறு மின்னோட்டம் சுழன்று இவ்விரைச்சலை எழுப்பும். கேபிள் தொலைக்காட்சி வடத்தைச் சற்றே கழற்றிப் பார்த்தால் மூலம் புலப்படும். அவ்வடத்திற்குத் தனிமைப்படுத்தும் சிறு கருவியைப் பூட்டலாம். இரைச்சலைப் போக்கும் பொருட்டு மூன்று முனைச் செருகியின் நிலமுனையை நீக்குவது உயிருக்கே ஆபத்தாகும். அதனை எந்நிலையிலும் செய்யலாகாது. இடியுடன் மழை வரும் முன்பே மின்செருகியையும் கேபிள் வடத்தையும் நீக்கிவிட வேண்டும். விசையை அணைப்பது மட்டும் போதாது.

செவியின் நலம்

சாதனம் பழுதுற்றால் மாற்றலாம். செவியின் உள்ளமைந்த நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. நாளொன்றுக்கு 85 டெசிபல் எட்டு மணி நேரம் என்பது தொழிற்கூடங்களுக்கென அமெரிக்க ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்விற்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரமே. சிறுவர் அமர்ந்திருக்கும் அறையில், ஒரு கைத்தொலைவிலுள்ளவருடன் குரலை உயர்த்தாமல் பேச இயலாதாயின், ஒலி மிகுதி என்று கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்குச் சில சோதனைகள்

அலமாரிக்குள் வெப்பமானியை வைத்து, கதவைத் திறந்தும் மூடியும் அரைமணிக்கு ஒருமுறை அளவெடுத்து மாணவர் வரைபடம் வரையலாம். இரு ஒலிபெருக்கிகளை அருகருகே வைத்து, ஒன்றன் முனைகளை மாற்றிப் பூட்டித் தாழ்ந்த சுருதி குன்றுவதைக் கேட்கச் செய்யலாம். அறைக்குள் மெல்ல நடந்து நிலையலையின் உச்சமும் தாழ்வும் எங்குள்ளன எனக் கண்டறியச் செய்யலாம். ஓம் விதி, வெப்பம், அலைகளின் குறுக்கீடு ஆகிய மூன்று பாடங்களும் ஒரே பெட்டியில் அடங்கியுள்ளன.

குறை தோன்றியவுடன் பெட்டியைத் திறப்பதோ விற்பதோ கூடாது. முதலில் காற்றோட்டம், அடுத்துக் கம்பி முனைகள், பின்னர் வடமும் அமைப்பும், இறுதியில் அறை என்ற வரிசையில் ஆராய்தல் வேண்டும். மின்சாரம் நீக்கிய பின்னரும் உள்ளேயுள்ள மின்தேக்கிகள் சிறிது நேரம் மின்னூட்டம் பெற்றிருக்கும். ஆதலின் உட்பழுதைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.