அழும் சிலைக்கு ஒரு வண்ண மாளிகை

ஜெர்மனிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடாத இடம் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. மலைமேல் நிற்கும் அந்த வெள்ளைக் கோட்டையின் முன் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். அங்கிருந்து காரில் ஏறக்குறைய அரை மணி நேரத் தொலைவில், பசுக்கள் மேயும் புல்வெளி நடுவே இன்னொரு கட்டடம் இருக்கிறது. அதுதான் வீஸ் தேவாலயம். 'வீஸ்' என்றால் புல்வெளி என்று பொருள்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தோன்றாது. வெளிறிய சுவர்கள், சாய்ந்த கூரை, ஒரு மணிக்கூண்டு, அவ்வளவுதான். கதவைத் திறந்து உள்ளே போனால் கண் கூசுகிறது. வெள்ளை, தங்கம், சிவப்பு, நீலம் என்று தலைக்கு மேலே ஒரு முழு வானமே விரிந்து கிடக்கிறது.

நம் கோவில்களில் இது நேர்மாறாக இருக்கும். கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயமாகட்டும், சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் ஆலயமாகட்டும், கோபுரத்து வண்ணம் தெருவில் போகிறவரைக் கூப்பிடும். உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்து, கருவறையில் ஒரு விளக்கு மட்டும் மிஞ்சும். வீஸில் தெருவுக்கு எதையும் காட்டவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். யாருக்காக?

யாருக்கும் வேண்டாத சிலை

1730ஆம் ஆண்டு, அருகிலுள்ள ஸ்டைன்காடன் மடத்தில், பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்காக ஒரு சிலை செய்தார்கள். பழைய மரச்சிலைகளின் உடைந்த உறுப்புகளைச் சேர்த்துப் பொருத்தி, துணி சுற்றி, வண்ணம் பூசினார்கள். தூணில் சங்கிலியால் கட்டப்பட்டு, கசையடி பட்டு, உடலெங்கும் ரத்தம் வழியும் இயேசு. பார்க்கவே மனம் தாங்கவில்லை என்று சில ஆண்டுகளில் ஊர்வலத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கைமாறிக் கைமாறி, 1738இல் அது வீஸ் புல்வெளியில் வாழ்ந்த மரியா லோரி என்ற விவசாயப் பெண்ணின் வீட்டுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஜூன் 14ஆம் நாள், சிலையின் முகத்தில் கண்ணீர்த் துளிகளைக் கண்டதாக மரியா லோரி சொன்னார். செய்தி பரவியது. யாத்திரிகர்கள் குவிந்தார்கள். முதலில் கட்டிய சிறு கோவில் போதவில்லை. 1745இல் பெரிய தேவாலயத்தின் வேலை தொடங்கி, 1754இல் முடிந்தது.

கட்டடத்தை வடிவமைத்தவர் டொமினிகுஸ் சிம்மர்மன். விதானத்தில் ஓவியம் தீட்டியவர் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட். இருவருமே சுதை வேலையில் தேர்ந்தவர்கள். சுதை வேலைக்காரர்களுக்குப் பேர்போன வெஸ்ஸோப்ருன் பகுதியிலிருந்து வந்தவர்கள். நம் கோபுரத்துப் பொம்மைகளைச் செய்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். பரோக் கலை தன் கடைசிக் காலத்தில் கனம் குறைந்து, சுருள் சுருளாக, விளையாட்டாக மாறியது. அதை ரொக்கோக்கோ என்பார்கள். அதன் உச்சங்களில் ஒன்றாக இன்றும் இந்தத் தேவாலயத்தைச் சொல்கிறார்கள்.

வண்ணம் எங்கே தொடங்குகிறது?

உள்ளே நுழைந்ததும் மக்கள் அமரும் நீள்வட்டக் கூடம். அதைச் சுற்றி இரட்டை இரட்டையாக வெள்ளைத் தூண்கள். சன்னல்களில் வண்ணக் கண்ணாடி கிடையாது. வெளியே இருக்கும் பகல் அப்படியே உள்ளே வந்து வெள்ளைச் சுதையில் பட்டுத் தெறிக்கிறது. வானொலியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது, எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான். அந்த இடைவெளி இருந்தால்தான் அடுத்து வரும் சொல் காதில் விழும். இங்கே வெள்ளை அந்த வேலையைச் செய்கிறது.

பிறகு பார்வை மெல்லப் பலிபீடத்தின் பக்கம் போகிறது. அங்கேதான் வண்ணம் அடர்த்தியாகிறது. பலிபீடத்தில் சிவப்புத் தூண்கள், அதையொட்டிய மேல்மாடத்தில் நீலத் தூண்கள். சிவப்பு, சிந்திய ரத்தம்; நீலம், வானிலிருந்து இறங்கும் அருள் என்று விளக்கம் சொல்கிறார்கள். அந்தச் சிவப்பின் நடுவே, கண்ணாடிப் பேழைக்குள் வைத்ததுபோல் சிறியதாக, அந்த அழும் சிலை.

இந்தத் தூண்களைப் பளிங்கு என்றே நினைப்போம். பளிங்கு இல்லை. ஜிப்சம் மாவு, பசை நீர், வண்ணப்பொடி மூன்றையும் ரொட்டிக்கு மாவு பிசைவதுபோல் பிசைந்து, பல நிற உருண்டைகளை ஒன்றாக அழுத்தி, துண்டு போட்டுத் தூணில் அப்புவார்கள். காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். பளிங்கில் ஓடும் ரேகைகள் இப்படித்தான் வருகின்றன. மலிவான பொருள்தான், ஆனால் வேலை மலிவல்ல. மலையில் கிடைக்காத நிறங்கள்கூடக் கலைஞனின் கையில் கிடைத்தன.

விதானத்திலும் இதே வித்தைதான். ஆழமான குவிமாடம் போலத் தெரிவது, உண்மையில் கூரை மரங்களிலிருந்து தொங்கும் மரச்சட்டத்தின்மேல் பூசிய ஆழமில்லாத பூச்சு. ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் நிறம் தீட்டி, அதை வானமாக்கிவிட்டார் அண்ணன் சிம்மர்மன். அங்கே இயேசு வானவில்மேல் அமர்ந்திருக்கிறார். ஒரு முனையில் நியாயத் தீர்ப்பின் அரியணை. அதில் யாரும் இல்லை. மறுமுனையில் நித்தியத்தின் வாசல். அது இன்னும் மூடியிருக்கிறது.

அம்மாவின் கேள்வி

சென்ற ஆண்டு ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு அம்மா என் காதருகே கேட்டார்: "அழுவுற சாமிக்கு எதுக்கும்மா இவ்ளோ கலரு?"

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் வேறு இடத்தில் போய்த் தைத்தது. அப்பா தவறி மூன்று ஆண்டுகள். யாரும் சொல்லாமலே அம்மா வெளிர் நிறச் சேலைகளுக்கு மாறியிருந்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள் எல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. துக்கத்துக்கு நிறம் ஆகாது என்பது நம் வீடுகளில் சட்டம் போடாமலே நடக்கும் சட்டம்.

வீஸைக் கட்டியவர்கள் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். சிலையின் ரத்தத்தைத் துடைக்கவில்லை. சங்கிலியைக் கழற்றவில்லை. அதை அழகாக்கவும் முயலவில்லை. அந்தத் துக்கத்தைத் துக்கமாகவே நடுவில் விட்டுவிட்டு, அதன் ரத்தச் சிவப்பையே எடுத்துத் தூணாக்கி, பக்கத்தில் நீலத்தை நிறுத்தி, மேலே வானத்தைத் திறந்துவைத்தார்கள். நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் துயரத்தை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டே வண்ணத்தின் நடுவில் உட்காரலாம்.

இதை அம்மாவிடம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மரப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தத் தீபாவளிக்கு பிரிக்பீல்ட்ஸில் துணி எடுக்கப் போனபோது, அவர் கை ஒரு வெங்காயச் சருகு நிறச் சேலையில் நின்றது. வீஸ்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கடைக்காரப் பையனின் பேச்சுத் திறமையாகவும் இருக்கலாம்.

காத்தவர்கள் யார்?

1803இல் பவேரிய அரசு மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் வீஸ் தேவாலயத்தை ஏலம் விட்டு இடித்துவிடும் எண்ணமும் இருந்தது. தடுத்தவர்கள் சுற்றுவட்டாரத்து விவசாயிகள். அவர்கள் எதிர்த்து நின்றதால்தான் அந்தத் தங்கமும் நீலமும் இன்றும் இருக்கின்றன. 1983இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1985 முதல் 1991 வரை பெரிய அளவில் சீரமைப்பு நடந்தது.

நீங்கள் போனால் கோட்டைக்குப் பிறகு அரை நாள் ஒதுக்குங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது. நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நேராகப் பலிபீடத்துக்கு ஓடாதீர்கள். கொஞ்ச நேரம் வெள்ளைத் தூண்களோடு இருங்கள். பிறகு சிவப்பு, பிறகு நீலம். கடைசியாகத் தலையை உயர்த்தி, அந்த ஆளில்லாத அரியணையைத் தேடுங்கள். தீர்ப்புச் சொல்ல இன்னும் யாரும் வந்து அமரவில்லை. அதுவரை வெளிச்சம் எல்லாருக்கும் பொது.