பின்வாங்கலும் ஓட்டமும்

சென்ற வாரம் வஞ்சியைப் பார்த்தோம். பகைவன் மண்ணின் மேல் படையெடுத்துப் போவது. இந்த வாரம் எதிர்த்திசை.

களத்தைவிட்டுப் பின்னால் நகர்வதை நம் மரபு பெரும்பாலும் புறமுதுகு என்ற ஒரே பழிக்குள் அடக்கிவிட்டது. முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, உண்ணாதிருந்து உயிர்விட வடக்கிருந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன், பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் சாளுக்கிய மன்னன் புலிகேசியை வென்றான். ஓடியவனின் முதுகையே பட்டயமாக்கி அதில் வெற்றி என்று அவன் எழுதியதாகக் கூரம் செப்பேடு புகழ்கிறது.

படைத்துறையில் பின்வாங்கல் என்பது வேறு. அது தளபதியின் ஆணை. போய்ச் சேர வேண்டிய இடம் முன்பே தீர்மானமாகியிருக்கும். பின்னணிப் படை துரத்துபவர்களைத் தடுத்துக்கொண்டே வரும். ஓட்டத்தில் இவை எதுவும் கிடையாது. செங்கல்பட்டுச் சீமை இரண்டையும் கண்டிருக்கிறது.

1752இல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையைப் பிடிக்க ராபர்ட் கிளைவ் வந்தார். அவரிடம் இருந்தவர்கள் 500 சிப்பாய்களும், போரே பார்க்காத 200 புதுப்பட்டாளத்தாரும். கோட்டையிலிருந்து வந்த குண்டில் ஒருவன் விழுந்ததும் புதியவர்கள் சிதறி ஓடினார்கள். ஒருவனைப் பிறகு கிணற்றுக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள். கிளைவ் தாமே குண்டுகளுக்கு நடுவே நின்று அவர்களை வெட்கப்படவைத்துத் திருப்பினார். அதே ஆட்களைக் கொண்டு கோவளத்தையும் அடுத்துச் செங்கல்பட்டையும் பிடித்தார்.

பின்வாங்கலுக்கு 1780 சான்று. மைசூரின் ஹைதர் அலி, ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் புகுந்திருந்த நேரம். பக்சார் போரை வென்ற ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்தார். வடக்கிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தில் தாமதப்பட்டு, செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஹைதரிடமும் திப்புவிடமும் சிக்கி அழிந்தது. மன்றோ இருந்தது ஒரு நாள் நடைக்கும் குறைந்த தொலைவில். மறுநாள் அவர் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் புறப்பட்டார். வழிநெடுக மைசூர்க் குதிரைப்படை படையின் வாலைக் கடித்துக்கொண்டே வந்தது. 12ஆம் தேதி கோட்டையை அடைந்தார்கள். காயம்பட்டவர்களை அங்கே விட்டுவிட்டு, மீதிப்படை 14ஆம் தேதி சென்னைப் பக்கம் சேர்ந்தது.

குளத்தில் தள்ளிய அந்தப் பீரங்கிகளுக்காகத்தான் மன்றோ அதிகம் ஏச்சு வாங்கினார். அது நியாயமான ஏச்சாக எனக்குப் படவில்லை. உணவில்லாத படையைப் பெரும்படை சூழ்வதற்குள் நகர்த்த வேண்டுமென்றால் கனத்தைக் கழித்தே ஆக வேண்டும். அவர் மேல் நிற்கும் குற்றம் அதற்கு முந்தைய நாட்களுடையது. பெய்லியை நோக்கி முழுப்படையோடு நகர்ந்திருக்க வேண்டிய நாட்களில் அவர் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருந்தார். துணைக்கு ஒரு பிரிவை மட்டும் அனுப்பினார். அந்தப் பிரிவும் பொள்ளிலூரில் அழிந்தது.

மன்றோ காப்பாற்றிக் கொண்டுபோன படை வீணாகவில்லை. 1781 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதோடு புதிய ஆட்களையும் சேர்த்துக்கொண்டு அதே செங்கல்பட்டு வழியாகத் தெற்கே இறங்கினார். 21ஆம் தேதி மதுராந்தகம் அருகே கருங்குழிக் கோட்டை வீழ்ந்தது. 24ஆம் தேதி வந்தவாசி முற்றுகை விலகியது. அங்கே மாதக்கணக்கில் கோட்டையைக் காத்த லெப்டினன்ட் ஃபிளின்ட்டின் கதை அடுத்த வாரம்.