அகலப்படுத்தினால் போதுமா?



கிராமத்து மெயின் ரோட்டை மேம்படுத்த எந்த ஐ.ஆர்.சி. கோடை எடுக்கணும்? "கிராம ரோடுதானே" என்று அலட்சியமாக எடுத்துவிடக் கூடாது. நான் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மூன்றைப் பார்க்கணும்.

முதலில் லோடு. டிசைன் காலத்தில் 8.16 டன் ஸ்டாண்டர்டு ஆக்சில் ஓட்டம் 20 லட்சத்துக்குள் என்றால் எஸ்.பி.72 (2015), தாண்டினால் ஐ.ஆர்.சி.37 (2018). ஆக்சில் லோடு இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு! அதனால் வண்டியை எண்ணினால் மட்டும் பத்தாது, லோடையும் பார்க்கணும்.

அடுத்தது மண். எங்க திருவேங்கடம் பக்கம் கரிசல். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். நனைந்த கரிசலின் சி.பி.ஆர். பல இடங்களில் 2, 3 சதவீதம்தான். நான்கு நாள் ஊறவைத்து டெஸ்ட் பண்ணிய மதிப்பைத்தான் நம்பணும்.

மூன்றாவது வளைவு. சூப்பர் எலிவேஷன் 7 சதவீதம், உராய்வு 0.15 என்று வைத்தால், 50 கி.மீ. வேகத்துக்கு 90 மீட்டர் ஆரம் போதும், 80 கி.மீ.க்கு 230 மீட்டர் வேணும். 3.75 மீட்டர் ரோட்டை 7 மீட்டர் ஆக்கினால் வேகம் தானாகக் கூடும். பழைய வளைவை அப்படியே விட்டால், அடிபடுவது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் நம்ம தம்பி தங்கச்சிகள்தான்.

நாளைக்கு எஸ்டிமேட் போடப்போவது நாம்தானே! யோசிப்போம்.